மௌனம் எப்போது சம்மதம்? இங்கிலாந்தின் வீட்டு விரிவாக்க விதிகளைப் பற்றி

இங்கிலாந்தில் வீட்டின் பின்பக்கம் ஒரு அறையை இழுக்கவோ, தோட்டத்தில் மரப்பலகையில் ஒரு டெக் போடவோ நினைக்கிறவர் முதலில் கேள்விப்படும் சொல் 'பெர்மிட்டட் டெவலப்மென்ட்'. குறிப்பிட்ட அளவுகளுக்குள் கட்டினால் கவுன்சிலிடம் தனியாகப் போய் நிற்க வேண்டாம் என்று நாடாளுமன்றம் முன்கூட்டியே எல்லாருக்கும் கொடுத்து வைத்திருக்கும் பொது அனுமதி அது. பில்டர்கள் வாயில் இது 'பி.டி.'. "இதெல்லாம் பி.டி.க்குள்ள வந்துரும், கவலப்படாதீங்க" என்ற வாக்கியத்தை ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் கேட்காத தமிழ்க் குடும்பம் குறைவு.

அந்த அனுமதி 2015ஆம் ஆண்டின் ஓர் ஆணையில் இருக்கிறது. அதை விளக்க அரசாங்கமே படங்கள் போட்டு ஒரு தொழில்நுட்ப வழிகாட்டியும் வெளியிட்டிருக்கிறது. பொதுவாக இதையெல்லாம் அளவு பார்க்கத்தான் புரட்டுவோம்: எத்தனை மீட்டர், எவ்வளவு உயரம், முடிந்தது. நான் இங்கே செய்யப் பார்ப்பது வேறு. இந்த விதிகளை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு, இது எதைப் பார்த்துப் பயப்படுகிறது, எதைக் கண்டுகொள்ளாமல் விடுகிறது, யாருடைய குரலுக்குக் காத்திருக்கிறது என்று வாசித்துப் பார்ப்பது. (ஸ்காட்லாந்து, வேல்ஸ் விதிகள் தனி. பிளாட்டில் இருப்பவர்களுக்கு இந்த உரிமையே கிடையாது. கீழ்தளத்து பிளாட்டும் தோட்டமும் உங்களுடையதாகவே இருந்தாலும் சரி.)

முதலில் ஒரு விநோதம். உங்கள் வீடு எது? இந்த ஆணையின்படி, 1948 ஜூலை 1 அன்று அது எப்படி நின்றதோ அதுதான் உங்கள் வீடு. அதற்குப் பிறகு கட்டப்பட்டதென்றால், முதலில் கட்டி முடித்தபோது இருந்த வடிவம். 1947ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் அது. நிலத்தின்மேல் நினைத்தபடி கட்டும் உரிமையை உடைமையாளரிடமிருந்து எடுத்து அரசு தன் கையில் வைத்துக்கொண்ட நாள் என்றும் சொல்லலாம். இன்றைக்கு நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு மீட்டரும் அந்த நாளின் பின்சுவரிலிருந்துதான் அளக்கப்படும். உங்களுக்கு முன் இருந்தவர் 1985இல் 2 மீட்டர் கட்டியிருந்தால், வரிசை வீட்டுக்குரிய 3 மீட்டரில் உங்களுக்கு மிச்சம் 1 மீட்டர்தான். வீடு வாங்கும்போது இதை யாரும் சொல்வதில்லை. "எக்ஸ்டென்ட் பண்ண நிறைய இடமிருக்கு" என்று மட்டும் சொல்வார்கள்.

இப்போது டெக்குக்கு வருவோம். என் வாசிப்பில் இந்த விதிகளின் மனசு திறந்து கிடக்கும் இடம் அதுதான்.

தரையிலிருந்து 30 சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்த எந்த மேடைக்கும் இந்தப் பொது அனுமதி கிடையாது. முழு விண்ணப்பம் போட்டாக வேண்டும். வராந்தாவும் பால்கனியும் அப்படியே. 30 சென்டிமீட்டர் என்பது பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றின் நீளம். பழைய லண்டன் வரிசை வீடுகளில் பின்கதவைத் திறந்தால் இரண்டு மூன்று படி இறங்கித்தான் தோட்டம் வரும். கதவு மட்டத்துக்குச் சமமாக ஒரு டெக் போட்டால் 40, 50 சென்டிமீட்டர் சாதாரணமாக வந்துவிடும். முழங்கால் வலிக்கிற அம்மாவுக்குப் படி இறங்காமல் வெளியே உட்கார ஓர் இடம் வேண்டும் என்று போடுகிறவர்கள்தான் இதில் பெரும்பாலும் மாட்டுவது.

அதே வீட்டில், அதே பின்சுவரிலிருந்து, பக்கத்து வீட்டு வேலியை ஒட்டி, 3 மீட்டர் நீளத்துக்கும் 3 மீட்டர் உயரத்துக்கும் ஒரு செங்கல் சுவரை எழுப்பி, கூரை போட்டு அறையாக்கிக்கொள்ள யாரையும் கேட்க வேண்டாம். பிளானிங் விதிகளின்படி கவுன்சிலுக்கோ பக்கத்து வீட்டுக்கோ ஒரு கடிதம்கூட வேண்டாம். வெளிப்பூச்சு பழைய வீட்டைப்போலத் தெரிந்தால் போதும்.

சுவருக்குக் கேள்வி இல்லை. பலகைக்குக் கேள்வி உண்டு. கேட்டால் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் முட்டாள்தனம் என்று தள்ளிவிடவும் முடியாது, அதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. மேடையில் மனிதர் நிற்பார், நின்றால் வேலிக்கு மேல் கண் எட்டும், அந்தக் கண் பக்கத்துத் தோட்டத்தில் விழும். சட்டம் அளப்பது அந்தப் பார்வையைத்தான். ஜூலியட் பால்கனியைப் பாருங்கள். மாடிக் கதவுக்கு வெளியே கம்பி மட்டும் இருக்கும், கால் வைத்து நிற்கத் தளம் இருக்காது. வழிகாட்டியின்படி அதற்குப் பொதுவாகத் தடை இல்லை. வெளியே வந்து நிற்க முடியாதவரைக்கும் சரி!

ஆங்கிலேயப் பொதுச்சட்டத்தில் எட்டிப் பார்ப்பதற்கு எதிரான பாதுகாப்பு எப்போதுமே பலவீனம். டேட் மாடர்ன் கலைக்கூடத்தின் பார்வை மாடத்திலிருந்து எதிரே இருந்த கண்ணாடி வீடுகளுக்குள் மக்கள் நோக்கிக்கொண்டும் படம் எடுத்துக்கொண்டும் இருந்த வழக்கு 2023 பிப்ரவரியில்தான் உச்சநீதிமன்றத்தில் வீட்டுக்காரர்கள் பக்கம் முடிந்தது. ஐந்து நீதிபதிகளில் மூவர் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம். அந்தத் தீர்ப்பிலும், பக்கத்துக் கட்டடத்திலிருந்து சும்மா பார்வை விழுவது மட்டும் வழக்குக்குப் போதாது என்பது அப்படியே நிற்கிறது. ஆக, டெக் போட்டவரை நீங்கள் நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது. பிளானிங் விதிதான் ஒரே காவல். 30 சென்டிமீட்டர் கறாருக்கு இது ஒரு நியாயம் என்று ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் அந்தக் கறாரையும் ஆணையே ஓட்டை போட்டு வைத்திருக்கிறது. நிலம் சரிவாக இருந்தால் உயரத்தை எங்கிருந்து அளப்பது? கட்டுமானத்தை ஒட்டிய நிலத்தின் மிக உயர்ந்த இடத்திலிருந்து என்கிறது வரையறை. வீட்டிலிருந்து கீழே சரியும் தோட்டத்தில், வீட்டை ஒட்டிய பக்கம் 25 சென்டிமீட்டரில் தொடங்கும் டெக், மறுமுனையில் தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் தொங்கினாலும் அந்த அளவுகோலின்படி 'உயர்ந்த மேடை' ஆகாது. சமதளத்தில் 35 சென்டிமீட்டருக்கு விண்ணப்பம். மேட்டில் ஆள் தலையை வேலிக்கு மேல் தூக்கிவிடும் உயரத்துக்கு ஒன்றும் வேண்டாம். பார்வைதான் கவலை என்றால் தாழ்ந்த பக்கத்திலிருந்து அல்லவா அளந்திருக்க வேண்டும்? அங்கேதானே பக்கத்து வீட்டுக்காரரின் தலை இருக்கிறது.

பார்வைக்கு இவ்வளவு. வெளிச்சத்துக்கு?

நம் ஊர்க்காரர்களுக்கு இது உடனே உறைக்காது என்பதற்கு ஒரு கணக்கு. டிசம்பர் கடைசியில் உச்சிவேளைச் சூரியன் லண்டனில் அடிவானத்திலிருந்து சுமார் 15 பாகைதான் ஏறுகிறது. சென்னையில் அதே நாளில் 53 பாகைக்கு மேல். அதனால் 3 மீட்டர் சுவரின் நிழல் சென்னையில் 2 மீட்டர் சொச்சம், லண்டனில் 11 மீட்டர். ஒரு வரிசை வீட்டின் அகலமே 5 மீட்டர் பக்கம்தான். தெற்குப் பக்கத்து வீட்டுச் சுவரின் நிழல் உங்கள் தோட்டத்தைத் தாண்டி அடுத்த வீட்டுத் தோட்டத்தையும் கடந்துவிடும். 2 மீட்டர் வேலிக்கு ஏற்கெனவே அனுமதி உண்டு, அதற்கும் நிழல் உண்டு என்பது உண்மைதான். ஆனால் வேலிக்கு மேலே வருகிற வெளிச்சத்தைத்தான் சமையலறை ஜன்னல் நம்பியிருக்கிறது. நிழலை வரம் என்று நினைத்து வளர்ந்தவர்கள் நாம். இங்கே நாலு மணிக்கே இருட்டிவிடும் மாதங்களில் அந்த ஜன்னல் வெளிச்சம்தான் பகல்.

வெளிச்சத்துக்கான சட்ட உரிமை ஒன்று 1832ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. ஒரு ஜன்னல் 20 வருடம் தடையில்லாமல் வெளிச்சம் பெற்றிருந்தால் உரிமை உண்டு. ஆனால் அது சொந்தச் செலவில் வக்கீல் வைத்து நடத்த வேண்டிய தனி வழக்கு. தோட்டத்துக்கு அது பொருந்தவும் பொருந்தாது.

இந்த 3 மீட்டர் எங்கிருந்து வந்தது? 2008 அக்டோபருக்கு முன் விதி கன அளவில் இருந்தது. வரிசை வீட்டுக்கு 50 கனமீட்டர் அல்லது மூல வீட்டில் பத்தில் ஒரு பங்கு, இரண்டில் எது பெரிதோ அது. அந்தக் கணக்கில் பக்கத்து வீட்டுக்காரருக்கு எவ்வளவு மறைக்கிறது என்பது எங்கேயும் வராது. 2008இல் அதை மாற்றி, பாதிப்பை வைத்து அளவு என்ற கொள்கையைக் கொண்டுவந்தார்கள். பின்னோக்கி 3 மீட்டர், தனி வீடென்றால் 4 மீட்டர். டெக்குக்கும் பால்கனிக்கும் தடை நுழைந்ததும் அப்போதே. அந்தத் திருத்தத்தை நான் மதிக்கிறேன். கட்டுகிறவரின் நிலத்தை விட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்று அளந்த விதி அது.

ஐந்தே வருடத்தில் அந்த அளவு இரட்டிப்பானது. பொருளாதாரம் படுத்திருந்த 2012 செப்டம்பரில், கட்டுமானத் தொழிலைத் தூக்கிவிட என்று கேமரூன் அரசு அறிவித்தது: 3 மீட்டர் இனி 6, 4 மீட்டர் இனி 8. பக்கத்து வீட்டைக் கேட்பது பற்றிப் பேச்சே இல்லை. ஆளுங்கட்சிக்குள்ளேயே கலகம் வெடித்தது, பிரபுக்கள் சபையிலும் அரசு தோற்றது. அதை அணைக்கத்தான் துறையமைச்சர் எரிக் பிக்கிள்ஸ் சமரசமாகப் பக்கத்து வீட்டாரைக் கலந்தாலோசிக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். 2013 மே 30இல் அமலுக்கு வந்தது. மூன்று வருடத்துக்கு என்றார்கள், பிறகு 2019 வரை என்றார்கள், 2019 மே மாதம் நிரந்தரம் என்றார்கள். தற்காலிகப் பந்தல் கல்கட்டடமாக மாறுவது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை.

அந்த ஏற்பாடு இப்படி வேலை செய்கிறது. நீங்கள் 6 மீட்டர் வரை ஒரு தளத்துக்குக் கட்டப் போவதாகக் கவுன்சிலுக்குச் சொல்ல வேண்டும். கவுன்சில் ஒட்டியிருக்கும் வீடுகளுக்கு அறிவிப்பு அனுப்பும், குறைந்தது 21 நாள் அவகாசம். யாராவது ஆட்சேபித்தால் மட்டும் அதிகாரி வெளிச்சம், பார்வை, நெருக்கடி எல்லாவற்றையும் எடைபோடுவார். யாரும் எழுதவில்லையென்றால் அவர் எடைபோடவே கூடாது. போட அதிகாரம் இல்லை. அளவுகள் விதிக்குள் இருந்தால் அனுமதி தேவையில்லை என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டியதுதான். 42 நாளுக்குள் கவுன்சில் பதிலே சொல்லாவிட்டாலும் கட்டத் தொடங்கலாம்.

என் விமர்சனம் முழுக்க இந்த ஒரு புள்ளியில்தான். ஆறு மீட்டர் சுவர் பக்கத்து அறையை இருட்டாக்குமா என்பது பொருள்சார்ந்த கேள்வி. ஜன்னல் எங்கே, தெற்கு எந்தப் பக்கம், சுவர் எவ்வளவு உயரம் என்று பார்த்தால் பதில் கிடைக்கும். அந்தப் பதில், பக்கத்து வீட்டுக்காரர் கடிதம் எழுதினாரா என்பதைப் பொறுத்து மாறுவதில்லை. ஆனால் விதி, அந்தக் கேள்வியைக் கேட்கலாமா வேண்டாமா என்பதையே கடிதத்தோடு கட்டிவிட்டது. 2008இல் பாதிப்பு என்பது அளந்து பார்க்கிற விஷயமாக இருந்தது. 2013இல் அது யாராவது வாய் திறந்தால் மட்டும் இருக்கிற விஷயமாக ஆனது.

யார் வாய் திறப்பார்கள்? ஒரு வரிசையில் பத்து வீடென்றால் சில வீடுகள் வாடகைக்கு. ஆறு மாதத்தில் காலி செய்யப் போகிற வாடகைக்காரர், 'உடைமையாளர் அல்லது குடியிருப்பவர்' என்று முகவரியிட்ட ஆங்கிலக் கடிதத்தைப் பிரிக்கவே மாட்டார். உடைமையாளர் வேறு ஊரில். இன்னொரு வீட்டில் ஆங்கிலம் வாசிக்க முடியாத பாட்டி, கடிதம் வாசித்துச் சொல்கிற மகள் வாரக்கடைசியில்தான் வருவாள். இன்னொருவருக்கு எல்லாம் புரியும், ஆனால் எழுத மாட்டார். ஆட்சேபணை கவுன்சில் கோப்பில் ஏறினால் பெரும்பாலும் எல்லாரும் பார்க்கலாம். "நாளைக்கும் அவங்க முகத்துலதானே முழிக்கணும்?" இந்த மௌனங்கள் ஒவ்வொன்றும் வேறுவேறு. விதி எல்லாவற்றையும் ஒரே மாதிரி சம்மதம் என்று மொழிபெயர்த்துவிடுகிறது.

இதுதான் இயல்பு, வேறு வழியில்லை என்று நினைத்தால், அதே சுவருக்குப் பொருந்தும் இன்னொரு சட்டத்தைப் பாருங்கள். 1996ஆம் ஆண்டின் பார்ட்டி வால் சட்டம், அதாவது இரு வீட்டுக்கும் பொதுவான சுவர், எல்லையை ஒட்டித் தோண்டும் அஸ்திவாரம் பற்றியது. அங்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் போக வேண்டும். அவர் 14 நாளுக்குள் எழுத்தில் சம்மதிக்கவில்லையென்றால், அவர் மறுத்துவிட்டதாகவும் தகராறு எழுந்துவிட்டதாகவும் சட்டம் எடுத்துக்கொள்ளும். சர்வேயர் வந்து பார்த்து எப்படிக் கட்டுவது என்று தீர்ப்பு எழுதியாக வேண்டும். அவர் ஆள் வைக்கவில்லையென்றால் அவர் சார்பில் ஒரு சர்வேயரை நியமிக்கவும் வழி இருக்கிறது. செலவு பொதுவாகக் கட்டுகிறவருடையது.

ஒரே எக்ஸ்டென்ஷன், ஒரே பக்கத்து வீடு, ஒரே மௌனம். செங்கல்லுக்கு அடியில் இருக்கும் மண்ணைப் பற்றியென்றால் மௌனம் மறுப்பு. செங்கல்லுக்கு மேலே இருக்கும் வெளிச்சத்தைப் பற்றியென்றால் மௌனம் சம்மதம். சுவர் விரிசல் விட்டால் சொத்துக்குச் சேதம், அறை இருண்டால் வாழ்கிறவருக்கு மட்டும் சேதம் என்ற பழைய தராசுதான் இதற்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன். இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். பார்ட்டி வால் சட்டம் வருட வாடகைக்கோ அதற்குக் குறைவாகவோ இருப்பவரை 'உடைமையாளர்' என்று மதிப்பதில்லை. பிளானிங் கடிதமாவது குடியிருப்பவர் பெயருக்கும் வருகிறது. அவர் எழுதினால் அந்த எழுத்துக்கு முழு மதிப்பு உண்டு. மோசமான ஏற்பாட்டுக்குள் இருக்கும் நல்ல பகுதி இது.

எதிர்வாதம் லேசானது அல்ல. இந்த 6 மீட்டரைப் பயன்படுத்திக்கொள்கிறவர்களும் நம்மைப் போன்றவர்களே. மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் இருக்கும் குடும்பங்கள், மாடி ஏற முடியாத அப்பாவுக்குக் கீழேயே ஓர் அறையும் குளியலறையும் வேண்டுமென்பவர்கள். பெரிய வீடு வாங்க வழியில்லை, இருக்கிற வீட்டைத்தான் நீட்ட முடியும். முழு விண்ணப்பம் என்றால் பணம், நாட்கள், மறுக்கப்படலாம் என்ற பயம். 2013இல் இந்த எளிய வழிக்குக் கட்டணமே இல்லை. 2019இல்தான் 96 பவுண்ட் வைத்தார்கள். நிறையக் குடும்பங்களுக்கு இது நிஜமான நிவாரணம். அதைப் பிடுங்கச் சொல்லவில்லை.

நான் கேட்பது சின்ன மாற்றம். கடிதம் வந்தாலும் வராவிட்டாலும், 3 மீட்டரைத் தாண்டும்போது அதிகாரி ஜன்னலையும் திசையையும் ஒரு முறை பார்க்கட்டும். நிறையக் கவுன்சில்கள் முழு விண்ணப்பங்களுக்கு 45 பாகைச் சோதனை ஒன்றை ஏற்கெனவே வைத்திருக்கின்றன. பக்கத்து ஜன்னலின் நடுவிலிருந்து 45 பாகையில் ஒரு கோடு, அதைப் புதிய சுவர் வெட்டுகிறதா என்று வரைபடத்திலேயே தெரிந்துவிடும். அதே 42 நாளுக்குள் அடங்கிவிடுகிற வேலை. டெக்கின் 30 சென்டிமீட்டருக்கு முழு விண்ணப்பம் கேட்கிற அமைப்பு, 6 மீட்டர் சுவருக்கு ஒரு கோடு வரைந்து பார்ப்பதைச் சுமை என்று சொல்ல முடியாது.

நடைமுறைக்கு இரண்டு விஷயம். கட்டுகிறவராக இருந்தால், பி.டி.க்குள் வந்துவிட்டது என்பதோடு வேலை முடிவதில்லை. பில்டிங் ரெகுலேஷன்ஸ் தனி, பார்ட்டி வால் தனி. பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் 6 மீட்டர் வழியே கிடையாது. விற்கும்போது வக்கீல் கேட்பார், ஆகவே சட்டப்படி கட்டியதற்கான சான்றிதழை இப்போதே கவுன்சிலில் வாங்கி வைப்பது நல்லது.

கடிதம் வந்த பக்கத்து வீட்டுக்காரராக இருந்தால், நீளமாக எழுத வேண்டியதில்லை. வீட்டு விலை குறையும், கட்டும்போது சத்தம் வரும் என்பதெல்லாம் கணக்கில் வராது. 'இந்தச் சுவர் என் சமையலறை ஜன்னலின் வெளிச்சத்தைக் குறைக்கும், ஆட்சேபிக்கிறேன்' என்ற அளவில் ஓர் ஈமெயில், 21 நாளுக்குள். இது அந்தக் குடும்பத்துக்கு எதிரான புகார் ஆகிவிடாது. அதிகாரியை எடைபோடச் சொல்வது மட்டும்தான், பாதிப்பு பெரிதில்லை என்றால் அனுமதி கிடைத்துவிடும். இன்னொன்றும் இருக்கிறது: ஒட்டியிருக்கும் ஒரு வீடு ஆட்சேபித்தாலே போதும், அதிகாரி ஒட்டியிருக்கும் எல்லா வீடுகளுக்குமான பாதிப்பையும் பார்த்தாக வேண்டும். மறுபக்கத்து வீட்டில் கடிதம் பிரிக்காமலே கிடந்தாலும்.